எழுபது வளைவும் ஒரு வால்யூம் குமிழும்

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டியதும் வேன் இரண்டாவது கியருக்கு இறங்கிவிட்டது. இங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுநரின் வலக்கை ஸ்டியரிங்கை விட்டு எடுக்க வழியில்லை. இடக்கைக்கு மட்டும் இரண்டு வேலை: ஒன்று கியர், இன்னொன்று வால்யூம் குமிழ். பென் டிரைவில் யார் யாரோ ஏற்றிக்கொடுத்த பாட்டுகள் கலந்து கிடந்தன. கல்யாண வீட்டு நாகஸ்வரம், ஆடி மாத அம்மன் பாட்டு, எழுபதுகளின் சினிமாப் பாட்டு, தொண்ணூறுகளின் ரகுமான், ஒரு சபாக் கச்சேரி, செல்போனில் எடுத்த ஒரு கும்மி.

பாட்டு மாறும்போதெல்லாம் அந்தக் கை கியரிலிருந்து குமிழுக்குத் தாவியது. புதுப் படப் பாட்டு வந்தால் குறைத்தார். கச்சேரி வந்தபோது முழுக்கத் திருப்பியும் ஆலாபனை எஞ்சின் இரைச்சலில் முங்கிப்போய், மேல்ஸ்தாயியில் மட்டும் அவ்வப்போது தலைகாட்டியது. கும்மி வந்ததும் மேளம் ஸ்பீக்கரைக் கிழித்தது. பாடிய பெண்களின் ஒரு சொல்கூட விளங்கவில்லை. பதினைந்தாம் வளைவில் அதைத் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

ஒரே ஸ்பீக்கர், ஒரே ரோடு, ஒரே காது. அப்படியிருக்க இசைவகைக்கு இசைவகை ஒலிப்பதிவு ஏன் இவ்வளவு மாறுகிறது? சட்டென்று வரும் பதில் பணம். சினிமாவில் பணம் இருக்கிறது, நாட்டுப்பாடலில் இல்லை. அந்தப் பதிலில் பாதி உண்மைதான். ஆனால் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் நியூயார்க்கில், ஒருகாலத்தில் தேவாலயமாக இருந்த ஒரு ஸ்டூடியோவில், இரண்டே நாள் அமர்வில் பதிவானது. அறுபது ஆண்டு கழித்தும் நல்ல ஒலிப்பதிவுக்கு அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். மறுபக்கம், கோடிகள் புரளும் இன்றைய படப் பாட்டுகளில் சில, பத்தே நிமிடத்தில் காதைக் களைக்க வைக்கின்றன. பணத்தோடு வேறு மூன்று விஷயங்களையும் பார்க்க வேண்டும். கருவி எந்த ஒலியை மனதில் வைத்துச் செய்யப்பட்டது? பதிவு எங்கே வைத்துக் கேட்கப்படப் போகிறது? பதிவாகும் நேரத்தில் அந்த இசை தெரிந்த ஒரு காது கருவியின் பக்கத்தில் இருந்ததா?

கூம்புக்குள் ஏறாத தொப்பி

1902இல் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது மைக் என்ற பொருளே அந்தத் தொழிலில் இல்லை. பாடகர் ஒரு தகரக் கூம்புக்குள் பாடுவார். கூம்பின் மறுமுனையில் ஒரு மெல்லிய தகடு அதிரும், அதோடு இணைந்த ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். இடையில் மின்சாரம் கிடையாது, பெருக்கும் கருவி கிடையாது. ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 2500 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் உள்ள ஒலிகள் அந்த மெழுகில் பெரும்பாலும் பதியவே இல்லை.

அப்படியானால் யார் தப்பினார்கள், யார் மாட்டினார்கள் என்று பாருங்கள். உச்சஸ்தாயியில் கணீரென்று பாடும் குரல் தப்பியது. நாகஸ்வரம் தப்பியது. கோயில் வீதியில் தேருக்கு முன்னால் ஊதவென்றே பிறந்த வாத்தியம் அது, அதன் பலம் முழுக்க நடு அலைவரிசையில். மிருதங்கத்தின் தொப்பி, அந்த ரவை பூசிய இடப்பக்கம், அடியில் கும்மென்று எழுப்பும் ஒலி கூம்புக்குள் ஏறவே இல்லை. வீணையின் மீட்டு ஒலி எட்டவில்லை. சத்தமான வாத்தியங்களுக்கோ வேறு கஷ்டம். தவில் கிட்டே இருந்தால் ஊசி எகிறிக் கோடு கெட்டுவிடும் என்பதால் தள்ளித்தான் நிறுத்த வேண்டும். பாடகர் கூம்பின் வாயிலும் தாளக்காரர் அறையின் மூலையிலும் நின்றார்கள். அந்தக் காலத்து மிக்ஸிங் என்பது தரையில் போட்ட சாக்பீஸ் கோடுதான் என்று சொல்லலாம்.

1925இல் அமெரிக்காவில் மின்சார ஒலிப்பதிவு வந்து, சில ஆண்டுகளில் இந்தியாவுக்கும் எட்டியது. மைக் வந்ததும் தாழ்ந்த குரல்கள் பிழைத்தன. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு வீடு வீடாகப் போனது இந்தப் புதிய காலத்தில்தான். ஆனாலும் 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு மேல் இடமில்லை. கோயிலில் இரவு முழுக்க விரியும் ராகம் இங்கே ஒரு தட்டின் இரண்டு பக்கத்துக்குள் மடங்கியது. மூன்று நிமிடப் பாட்டாகவே பிறந்த நாடக, சினிமாப் பாட்டுக்கு இந்தத் தட்டு அளவெடுத்துத் தைத்த சட்டை. ராக ஆலாபனைக்கும் கதைப்பாட்டுக்கும் அது கடன் வாங்கிய சட்டை. கருவி ஆரம்பத்திலேயே சில இசைவகைகளின் பக்கம் சாய்ந்திருந்தது.

கால்ஷீட்டுக்குள் இருந்த காது

தமிழ் சினிமாப் பாட்டு நன்றாகக் கேட்பதற்குப் பணம் ஒரு காரணம், ஆனால் பணம் எதை வாங்கியது என்று கேட்க வேண்டும். அது நேரத்தை வாங்கியது. நான்கு நிமிடப் பாட்டுக்காக ஒரு கால்ஷீட் முழுக்க ஒத்திகையும் டேக்கும் நடந்தன. வயலின் வரிசை பிசகினால் இன்னொரு டேக். பாடகர் மூச்சு வாங்கியது கேட்டால் இன்னொரு டேக். இதைவிடப் பெரிய விஷயம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரின் தோளருகே அந்தப் பாட்டை உருவாக்கியவரே நின்றார். எந்த வாத்தியம் எந்த வரியில் முன்னே வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் 'சிங்கார வேலனே' பாட்டில் சரிக்குச் சரி நின்று பேசுகின்றன. மைக் இல்லாத மண்டபத்தில் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று பாடினால் எந்தக் குரலும் கேட்காது. இயற்கையில் இல்லாத ஒரு சமநிலையை ஒலிப்பதிவு உண்டாக்கிக் காட்டியது. 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் கொட்டகை கொட்டகையாக ஒலித்தபோது, அந்த வாத்தியத்தைக் கோயிலில் தூரத்திலிருந்தே கேட்டுப் பழகியவர்களுக்கு அதன் சீவாளியின் சிலிர்ப்பு காதுக்கருகே வந்தது.

நாட்டுப்பாடலுக்கும் இதே பாடம்தான். 1976இல் 'அன்னக்கிளி'யில் இளையராஜா கிராமத்து மெட்டை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்தபோது அது சினிமாவின் அத்தனை கவனத்தோடும் பதிவானது. 1985இல் 'ஆண் பாவம்' படத்தில் கொல்லங்குடி கருப்பாயி பாடினார். வயற்காட்டுக் குரல் அந்தக் கரகரப்பு குறையாமல், சொல் மழுங்காமல் நமக்குக் கேட்கிறது. அதே குரல் வகை, அதே மண். ஆகவே நாட்டுப்பாடலின் இயல்பிலேயே ஏதோ மோசமான பதிவு இருக்கிறது என்ற எண்ணம் இங்கே உடைகிறது. ரகுமான் 1989இல் தன் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டூடியோவைக் கட்டியதும் இதே தர்க்கத்தின் அடுத்த படி. ஸ்டூடியோ சொந்தமானால் வாடகைக் கடிகாரம் ஓடாது. 1992இன் 'ரோஜா'வுக்குப் பின்னால் எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளரின் காதும் அந்தக் கடிகாரமில்லாத இரவுகளும் இருந்தன.

சபாவில் காணாமல் போகும் மிருதங்கம்

கர்நாடக இசைக்கு நிறுவன பலம் இருக்கிறது. சென்னை மியூசிக் அகாதெமி 1928இலேயே தொடங்கிவிட்டது. ரசிகர்களின் காதும் கூர்மையானது. இருந்தும் பல கச்சேரிப் பதிவுகளில் குரல் மட்டும் முன்னால் நிற்கும், மிருதங்கம் அடுத்த அறையில் வாசிப்பதுபோல் இருக்கும். ஏன்?

சபாவில் மிக்சர் முன்னால் இருப்பவரின் வேலை அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு நன்றாகக் கேட்க வைப்பது. மிருதங்கம் மைக் இல்லாமலே முன்வரிசைகளுக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே அதன் மைக்கைக் குறைத்து வைக்கிறார், குரலை ஏற்றுகிறார். அரங்கில் இரண்டும் சேர்ந்து சரியாகக் கேட்கின்றன. ஆனால் பதிவுக்கருவி அரங்கில் உட்கார்ந்திருக்கவில்லை. அது மிக்சரிலிருந்து வரும் கம்பியைத்தான் கேட்கிறது. அந்தக் கம்பியில், காற்று வழியாக வந்த மிருதங்கம் இல்லை. எந்த வாத்தியம் தன் பலத்தில் நன்றாகக் கேட்டதோ, அதுவே பதிவில் மெலிந்துபோகிறது. இந்தக் குறை கலைஞருடையதும் அல்ல, மைக் ஆளுடையதும் அல்ல. ஒரே கம்பியை இரண்டு வேலைக்கு வைத்ததில் வந்தது.

வேனில் ஆலாபனை முங்கியதற்கு வேறொரு காரணம். கச்சேரிப் பதிவில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைப் பெரும்பாலும் அப்படியே விடுகிறார்கள். குறுந்தகடு ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளியைத் தாங்கும், ஆகவே விடுவதில் தொழில்நுட்பத் தடை இல்லை. அமைதியான அறையில் அந்த இடைவெளிதான் சுகம். காரவள்ளி ஏற்றத்தில் அந்த இடைவெளியின் அடிப்பாதியை டீசல் எஞ்சின் தின்றுவிடுகிறது. படப் பாட்டைத் தயாரிப்பவருக்கு இது தெரியும். அவர் மெல்லியதை ஏற்றி, உரத்ததை அமுக்கி, எல்லாவற்றையும் மேலே ஒரே மட்டத்தில் நெருக்கிவைக்கிறார். பஸ்ஸிலும் டீக்கடையிலும் சொல் தெளிவாக விழும். வீட்டில் ஹெட்போனில் கேட்டால் மூச்சு முட்டும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் இப்போது பாட்டுகளை ஒரே உரப்புக்கு இறக்கி ஏற்றித் தருகின்றன. பென் டிரைவுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் ஓட்டுநரின் கை தாவிக்கொண்டே இருந்தது.

ரேடியோ செட்டும் கேசட்டும்

எங்கே கேட்கப்படும் என்ற கணக்குக்கு அம்மன் பாட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆடி மாதம் நாமக்கல், சேந்தமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் புளியமரத்தில் கட்டிய ரேடியோ செட்டின் கூம்பு ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் ஊரைத் தாண்டிக் கேட்கும். அந்தக் கூம்புக்குச் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே நாக்கு கிடையாது. அடித்தளத்து பாஸ் கிதாரும் தவிலின் இடந்தலையும் அதில் வருவதில்லை. குரலும் உடுக்கையும் பம்பையின் மேல்முழக்கமும் வரும். இந்தக் கூம்புக்கென்றே அமைந்ததுபோல ஒலிக்கிற பாட்டை வரவேற்பறை ஸ்டீரியோவில் போட்டுக் காரமாக இருக்கிறது என்று சொல்வது, திருவிழாப் பந்தலின் சீரியல் லைட்டைப் படுக்கையறையில் மாட்டிக் கண் கூசுகிறது என்பதுபோல.

எண்பதுகளில் கேசட் வந்தபோது, பெரிய கம்பெனிகளின் வாசலுக்கே போகமுடியாத இசைகளுக்குக் கதவு திறந்தது. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி, கே.ஏ. குணசேகரன் ஆகியோரின் குரல் ஊர் ஊராகப் போனது அந்தக் காந்த நாடா வழியே. ஆனால் அந்த நாடாவின் அளவைப் பாருங்கள். ஸ்டூடியோ ரீல் வினாடிக்கு 38 செ.மீ. ஓடும்போது கேசட் நாடா 4.76 செ.மீ.தான் நகர்கிறது. அதன் அகலம் 4 மி.மீ.கூட இல்லை, அதற்குள் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு தடங்கள். ஒலிக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான், மீதியை இரைச்சல் நிரப்பியது. அதைக் கடைக்காரர் பிரதி எடுத்தார், அந்தப் பிரதியிலிருந்து இன்னொருவர் எடுத்தார். ஒவ்வொரு பிரதியும் தன் இரைச்சலையும் சேர்த்துக்கொண்டே போனது. சினிமாப் பாட்டுக்கு மூல ரீல் ஒரு பீரோவில் பத்திரமாக இருந்தது, பிறகு குறுந்தகடாக மறுபிறவி எடுத்தது. சிறிய கேசட் நிறுவனங்களின் மூல நாடாக்களில் பல நிறுவனத்தோடேயே போயின. இன்று நாம் இணையத்தில் கேட்கும் பழைய நாட்டுப்பாடல்களில் பல, யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த கேசட்டின் ஒலி. அந்தப் பாட்டு பதிவான நாளில் இதைவிடத் தெளிவாகத்தான் இருந்திருக்கும்.

சொல்லை மட்டும் கேட்டவர்கள்

கேசட்டுக்கும் முன்பே மலையிலும் காட்டிலும் பாட்டைத் தேடிப் போனவர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் சொல்லைத் தேடிப் போனார்கள். பெர்சி மாக்குவீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய நாட்டுப்பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, 1958இல் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 'மலையருவி' என்று வெளியிட்டது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964இல் வந்தது. இரண்டும் தமிழுக்குக் கிடைத்த செல்வங்கள். இரண்டிலும் பாட்டு இருக்கிறது, மெட்டு இல்லை. எந்த வரியில் கைதட்டு விழுந்தது, எந்த இடத்தில் கூட்டம் சேர்ந்து எடுத்தது என்பது அச்சுக்குள் வராது.

ஒலியோடு எடுத்தவர்களும் இருந்தார்கள். டச்சு ஆய்வாளர் ஆர்னால்ட் பாக்கெ 1938இல் இன்றைய தமிழ்நாடு, கேரளம், கர்நாடகப் பகுதிகளில் பதிவு செய்தார். 1984இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளைத் தூக்கிக்கொண்டு அதே ஊர்களுக்குப் போய், பாடியவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் தேடினார்கள். 1982இல் தொடங்கிய இனவரைவு இசையியல் ஆவணக் காப்பகம் இன்றும் குர்கானில் இத்தகைய களப்பதிவுகளைப் பாதுகாக்கிறது. களப்பதிவு என்பது கடினமான வேலை. ஒரு டேப் ரெக்கார்டர், ஒரே மைக், தீர்ந்துபோகும் பேட்டரி, விலையுள்ள நாடா. நாடாவைச் சேமிக்க வேகத்தைக் குறைத்தால் மேல்ஒலிகள் மங்கும். சொல் தெளிவாக வர மைக்கைப் பாடுபவர் வாயருகே நீட்டினால் பின்பாட்டும் மேளமும் தூரத்துக் கலகலப்பாகிவிடும். ஆய்வேட்டுக்குச் சொல் போதும். மாணவர் எழுதி முடித்ததும் நாடாவின் வேலை முடிந்தது. சினிமாவில் பதிவுதான் சரக்கு. ஆய்வில் பதிவு வெறும் குறிப்பேடு. இரண்டுக்கும் தரம் ஒன்றாக இருக்குமா?

இப்போது எல்லார் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. ஆனால் செல்போன் பேசுவதற்குப் பிறந்தது. பேச்சுக்கு நடுவே விடாமல் வரும் ஒலியை அது மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். ஒத்து, சுருதிப்பெட்டி, நீண்ட கூட்டுக்குரல் எல்லாம் அதற்கு இரைச்சல்தான். திடீரென்று உரத்த ஒலி வந்தால் மொத்தத்தையும் தானே குறைக்கும். நெருப்பில் காய்ச்சி இறுக்கிய பறையில் அடிக்குச்சி விழும் அந்தக் கணத்தில், பாடும் குரலும் சேர்ந்து கீழே அமுங்குகிறது. அடி ஓய்ந்ததும் குரல் மறுபடி மெல்ல எழும்புகிறது. அதற்குள் அடுத்த அடி. வேனில் நான் கேட்ட கும்மியில் சொற்கள் மூச்சுத்திணறியது இப்படித்தான். நூற்றிருபது ஆண்டுக்கு முன்னால் தகரக் கூம்பு எந்தப் பக்கம் சாய்ந்ததோ, இந்தக் கண்ணாடிப் பலகையும் அதே பக்கம்தான் சாய்கிறது.

பதலையை மெள்ளத் தட்டச் சொன்னவன்

கொல்லிமலையின் தலைவன் ஓரி. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் ஒரு காட்சியை வைக்கிறார். காட்டில் ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய வேட்டுவனைக் காண்கிறது ஒரு பாணர் கூட்டம். ஓரியோ, இல்லையோ என்ற ஐயத்தோடு அவன் முன் பாட ஆயத்தமாகிறார்கள். தான் பாடப்போவதாகச் சொல்லும் பாணர் தலைவன் மற்றவர்களுக்குக் கட்டளை இடுகிறான். முழவில் மண் அமைக்க வேண்டும், யாழைச் சுருதி கூட்ட வேண்டும், தூம்பு, எல்லரி, ஆகுளி ஒலிக்க வேண்டும். ஒருமுகப் பறையான பதலைக்கு வரும்போது மட்டும் மெதுவாக என்கிறான்.

இந்த ஒரு சொல்லில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். இது ஒலிப்பொறியாளரின் சொல். குரல் பாடவிருக்கிறது, தோற்கருவிகள் பல இருக்கின்றன, ஆகவே ஒன்று தணிய வேண்டும். அதை முடிவு செய்பவன் அந்த இசைக்குள் இருப்பவன். நாட்டார் இசைக்குச் சமநிலை தெரியாது என்பதல்ல பிரச்சினை. அந்தச் சமநிலை ஆட்களின் நடையிலும் தள்ளிநிற்பதிலும் தலையசைப்பிலும் இருந்தது. மைக்கோடு வந்தவரிடம் அது இல்லை, அவர் கேட்கவும் இல்லை. இசையமைப்பாளர் கண்ணாடிக்குப் பின்னால் நின்றதுபோல, கும்மிப்பாட்டின் பெரியவளை யாரும் ரெக்கார்டரின் பக்கத்தில் நிறுத்தவில்லை.

அன்று இறங்கி வந்து காரவள்ளியில் டீக்கடை ஓரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவுக்காகக் கிளம்பிய ஒரு குழு அங்கே இருந்தது; நான்கு பெண்கள், மேளத்தோடு இரண்டு ஆண்கள். பேச்சு பாட்டில் போய் முடிந்தது. நான் செல்போனை எடுத்து, வழக்கம்போல எதிரே நின்று பதிவு செய்தேன். போட்டுக் காட்டியபோது, குழுவில் மூத்த அம்மா போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். முகம் சுளித்தது.

"மோளந்தான கேக்குது. நாங்க எங்க?"

பிறகு அவரே எழுந்து மேளக்காரரைத் திரும்பி நிற்கச் சொன்னார். மேளத்தின் முகம் டீக்கடைச் சுவரைப் பார்த்தது. இன்னொருவரை நான்கடி பின்னால் போகச் சொன்னார். பெண்கள் அரைவட்டமானார்கள். "நீங்க அங்கிருந்து எடுக்காதீங்க கண்ணு, எங்க நடுவுல வந்து நில்லுங்க" என்று என்னையும் இழுத்து நிறுத்தினார். நான் செய்தது ஒன்றே ஒன்று: அமைப்பில் போய் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு, ஒலியளவைக் குறைத்துவைத்தேன்.

இரண்டாவது பதிவு ஸ்டூடியோப் பதிவாகிவிடவில்லை. மேளத்தின் கும்மென்ற அடியொலி அந்தச் சின்ன மைக்கில் வரவில்லை, நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஆனால் சொற்கள் வந்தன. வரி முடிவில் பின்பாட்டு எங்கே தொற்றிக்கொள்கிறது என்பது வந்தது. அந்த அம்மா இரண்டு முறை போட்டுக் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"மொதல்ல எடுத்தத அழிச்சிருங்க கண்ணு."

விரல் சற்றுத் தயங்கியது. ஆய்வு என்று பார்த்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். தவறிய பதிவும் சான்றுதான். ஆனால் எந்த டேக் நல்ல டேக் என்று சொல்லும் உரிமை பாடியவருக்குத்தானே? அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன்.